பக்கவாத்தியமா, நாட்டியமா, ஸ்டுடியோவா, வகுப்பா? கர்நாடக வயலின் கலைஞர் முன் உள்ள வழிகள்

வயலின் வாசித்தே வாழ்க்கை நடத்த முடியுமா என்றால், முடியும். சென்னையில் பலர் நடத்துகிறார்கள். அவர்களில் ஒரே ஒரு வேலையை மட்டும் நம்பியிருப்பவர்கள் மிகக் குறைவு. மாலையில் சபாவில் பக்கவாத்தியம் (பாடகருக்குத் துணையாக) வாசிப்பவர் மறுநாள் விடிகாலை கணினி முன் உட்கார்ந்து நியூஜெர்சி மாணவருக்கு வர்ணம் சொல்லிக்கொடுப்பார். ஆனி, ஆடியில் யாரோ ஒரு பெண்ணின் அரங்கேற்றத்துக்காக டொராண்டோவில் இருப்பார். நடுவில் ஒரு நாள் வடபழனிப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் எட்டு வரி நொட்டேஷன் (மேல்நாட்டு இசைக் குறிப்பு) வாசித்துவிட்டு வருவார்.

படிப்பை முடித்து, இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் இந்தத் தொழிலுக்குள் வருகிறவர் பெரும்பாலும் இந்த வழிகளைச் சன்மானத்தை வைத்தே ஒப்பிடுகிறார். அது போதாது. மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது கை: அந்த வேலை கேட்கும் சுருதி, உட்காரும் முறை, வில்லின் அழுத்தம் ஆகியவை உங்கள் கர்நாடக வாசிப்பைக் காக்குமா, கெடுக்குமா. இரண்டாவது மாலை: கச்சேரி, ஒத்திகை, உள்ளூர் மாணவர்களின் வகுப்பு எல்லாம் மாலை நாலரைக்கும் ஒன்பதுக்கும் இடையில்தான் வந்து விழுகின்றன, வாரத்தில் இருப்பதோ ஏழு மாலைகள். மூன்றாவது, பணம் எவ்வளவு என்பதோடு எந்தத் தேதியில் கைக்கு வரும் என்பது. வாடகைக்குத் தேதி உண்டு, சன்மானத்துக்குப் பெரும்பாலும் கிடையாது.

பக்கவாத்தியம்

தொழிலின் நடுத்தூண் இதுதான் என்று உறுதியாகச் சொல்கிறோம். சபாக்களில் வாய்ப்பாட்டுக் கச்சேரிகளே அதிகம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வயலின் வேண்டும். அதோடு, பல பாடாந்தரங்களும் (குருவழி வந்த பாடல் வடிவங்கள்), அரிய ராகங்களும், வெவ்வேறு பாணியில் நிரவல் (ஒரே வரியைப் பலவாறு விரித்துப் பாடுவது) எடுக்கும் முறைகளும் இங்கேதான் காதில் ஏறும். எந்த வகுப்பிலும் இது கிடைக்காது.

இதற்கு முதல் செலவு இரண்டாவது வயலின். ஆண் பாடகர்கள் பெரும்பாலும் 1 கட்டையை (கட்டை என்பது சுருதியின் உயர அளவு) ஒட்டிப் பாடுவார்கள்; பெண்கள் 5 அல்லது 5½. வயலின் என்ற கருவி ஜி, டி, ஏ, இ என்ற மேல்நாட்டுச் சுருதிக்காகச் செய்யப்பட்டது. 5 கட்டையில் ஸ-ப-ஸ-ப (ஸட்ஜம், பஞ்சமம்) வைத்தால் ஜி, டி, ஜி, டி என்று வரும். கீழ்த் தந்திகள் இரண்டும் கருவி எதிர்பார்க்கும் இழுப்பிலேயே நிற்கும். அதே தந்திகளை 1 கட்டைக்கு இறக்கினால் சி, ஜி, சி, ஜி. கீழ்த் தந்திகள் பஞ்சமத்திலிருந்து ஸட்ஜத்துக்கு இறங்குகிற அளவு இறங்குகின்றன. மேல் தந்திகள் அதைவிடவும் அதிகம். தந்தி தொய்ந்துவிடும். வில்லை அழுத்தினால் கரகரக்கும், அழுத்தாவிட்டால் ஒலி மைக் வரை போகாது. அதனால் ஆண் சுருதிக்குத் தடித்த தந்தி போட்ட ஒரு வயலினும் பெண் சுருதிக்கு வழக்கமான தந்தி போட்ட இன்னொன்றும் தனித்தனியே வைத்துக்கொள்வதுதான் முறை.

இரண்டாவது வயலின் வாங்க இயலாதவர் மார்கழி இசை விழாக் காலத்தில் தவிப்பார். மதியம் ஆண் பாடகர், மாலையில் பெண் பாடகர் என்று ஒரே நாளில் இரண்டு கச்சேரி வரும். ஏற்றிய தந்தி பல மணி நேரம் நிலைக்காமல் இறங்கிக்கொண்டே இருக்கும். தந்தியை முறுக்க முறுக்க பிரிட்ஜின் தலை விரல்பலகைப் பக்கம் சாயும். கவனிக்காவிட்டால் படாரென்று விழும். ஒவ்வொரு முறை ஏற்றியதும் பிரிட்ஜை இரு கைகளாலும் பிடித்து நேர்செய்ய வேண்டும். தந்தி மாற்றும்போது நான்கையும் ஒன்றாகக் கழற்றவே கூடாது; மேல்பலகையின் அழுத்தம் போனதும் உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட் சரிந்துவிடும், பிறகு அதை நிறுத்தக் கருவி பழுது பார்ப்பவரிடம்தான் போக வேண்டும். குளிரூட்டிய அரங்கில் பிருடை (தந்தியை முறுக்கும் ஆணி) நழுவினால் அதை வெளியே இழுத்து, சாக்பீஸ் தூள் கொஞ்சம் தேய்த்துத் திருப்புங்கள். மேடை ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பாவது கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்து அரங்கின் குளிருக்குப் பழக்கிவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது.

மைக் இல்லாத காலத்தில் பாடகரின் கனத்த குரலுக்கு ஈடுகொடுக்கவே மைசூர் சௌடய்யா ஏழு தந்தி வயலினை உருவாக்கிக்கொண்டார். இன்று ஒலி அளவு மைக்காரர் கையில் இருக்கிறது. ஆனால் அதிலும் ஒரு ஆபத்து உண்டு: வயலின் ஒலி பாடகரின் மானிட்டரில் தூக்கலாகக் கேட்டால் அவர் சுருதி தடுமாறும், குற்றம் உங்கள் மேல் விழும். தொடங்கும் முன்பே உங்கள் ஒலியைக் குறைத்துக் கேட்டு வாங்குங்கள்.

இந்த வேலையில் திறமைக் குறைவால் வாய்ப்பை இழப்பவர்களைவிட, அளவு தெரியாமல் இழப்பவர்களே அதிகம். கீர்த்தனையில் பாடகருக்கு ஒரு கணம் பின்னால் நிழல்போல் போக வேண்டும். தெரிந்த உருப்படி என்பதற்காகச் சங்கதியை (வரியின் மாற்று வடிவத்தை) அவருக்கு முன்னே வாசித்துவிட்டால், அவர் வேறு சங்கதி பாட நினைத்திருந்தால், இரண்டும் மோதும். அவர் மூச்சு வாங்க நிறுத்தும் இடத்தையெல்லாம் வில்லால் நிரப்பக் கூடாது. அவர் விட்ட கார்வையை (நீட்டிய ஸ்வரத்தை) ஏந்தி நின்றாலே போதும். பாடகர் பத்து நிமிடம் ஆலாபனை செய்தால் நீங்கள் ஆறேழு நிமிடத்துக்குள் ராகத்தின் முழு உருவத்தையும் காட்டிவிட வேண்டும். கல்பனாஸ்வரத்தில் அவர் எடுத்துக்கொண்ட குறைப்பு (சுற்றுக்குச் சுற்று அளவைக் குறைத்துப் பாடுவது) எந்தக் கணக்கில் வருகிறதோ அதே கணக்கில் பதில் வர வேண்டும். கோர்வையை (முடிக்கும் கணக்கை) திருப்பி வாசிக்கும்போது எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) அரை அட்சரம் தவறினால் மிருதங்கக்காரரும் சேர்ந்து தடுமாறுவார். பல்லவிக்கு எந்த ராகம், எந்த நடை என்று முன்கூட்டியே சொல்லும் பாடகர்களும் உண்டு, மேடையில்தான் சொல்வேன் என்பவர்களும் உண்டு. இரண்டாம் வகையினருக்கு வாசிக்க வேண்டுமானால் 72 மேளங்களிலும் (தாய் ராகங்களிலும்) பெயர் கேட்டதும் ஆரோகண அவரோகணம் விரலில் வரும்படி தினமும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

பணத்தில் பக்கவாத்தியம் ஏற்றத்தாழ்வானது. சில சபாக்கள் ஒவ்வொரு கலைஞருக்கும் தனியே தருகின்றன. பல இடங்களில் மொத்தத் தொகை பாடகரிடம் போய், அவர் பிரித்துத் தருகிறார். இளையவர்களின் மதிய ஸ்லாட்டில் கிடைப்பது பல சமயம் ஆட்டோ செலவையும் தந்திச் செலவையும் ஈடுகட்டினால் பெரிது. ஒரு கச்சேரி என்பது மேடையில் இரண்டரை மணி நேரம். பயணம், முன்கூட்டிப் போவது, பாடகரின் பாடாந்தரத்தைக் கேட்டுத் தயாராவது எல்லாம் சேர்த்தால் எட்டு மணி நேரம். இதைக் கணக்கில் வைத்துக்கொண்டே முதல் ஐந்தாறு வருடங்களை முதலீடாக நினைக்க வேண்டியிருக்கிறது.

இரண்டு காரியங்களை இந்த வயதிலேயே செய்துவிடுங்கள். ஒன்று, அகில இந்திய வானொலியின் குரல்தேர்வு. பி, பி ஹை, ஏ, டாப் என்று தரங்கள் ஏறும். அரசு சார்ந்த நிகழ்ச்சிகளுக்குப் பெயர் கொடுக்கும்போது இந்தத் தரத்தைக் கேட்பார்கள். இரண்டு, 18 முதல் 25 வயதுக்குள் இருப்பவர்களுக்கு மத்திய பண்பாட்டு அமைச்சகம் தரும் இளம் கலைஞர் உதவித்தொகை: மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருடம். வயது தாண்டியபின் இதற்கு விண்ணப்பிக்க முடியாது.

தேதி விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். ஒரு இளம் பாடகருக்குத் தேதி கொடுத்தபின் பெரியவர் ஒருவர் அதே மாலைக்கு அழைத்தால், கொடுத்த தேதிக்கே போங்கள். சபா வட்டாரம் சிறியது. யார் தேதியை மாற்றினார் என்பது ஒரே வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

நாட்டியக் கச்சேரி

பரதநாட்டியத்துக்கு வாசிப்பதைப் பக்கவாத்தியத்தை விடத் தாழ்ந்ததாக நினைக்கும் பழக்கம் இன்னும் மறையவில்லை. அந்த எண்ணம் தவறு. நட்டுவாங்கம் (ஆட்டத்துக்கான தாளச் சொற்கள்) சொல்பவர், பாடகர், மிருதங்கம், வயலின் அல்லது புல்லாங்குழல் என்ற குழுவில் வயலினுக்குப் பொறுப்பு அதிகம்: பாடகர் பதத்தில் (அபிநயத்துக்கான பாடலில்) ஒரே வரியைப் பதினைந்து முறை வேறு வேறு பாவத்தில் திருப்பிப் பாடும்போது ஒவ்வொரு முறையும் வயலின் நிறம் மாற்ற வேண்டும்; ஜதி முடிந்து பாட்டு எடுக்கும் இடத்தில் கால் தவறக் கூடாது.

இதில் உள்ள சிரமம் நேரம். ஓர் அரங்கேற்ற மார்க்கத்தில் (உருப்படி வரிசையில்) அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், அரை மணி நேரத்துக்கும் மேல் போகும் வர்ணம், பதங்கள், தில்லானா என்று வரும். அதற்கு நான்கு முதல் ஆறு ஒத்திகைகள், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். நிகழ்ச்சி நாளில் ஒளி, ஒலி சரிபார்ப்பிலிருந்து கடைசிப் புகைப்படம் வரை எட்டு மணி நேரம். ஆக, ஓர் அரங்கேற்றம் என்பது இருபது முதல் இருபத்தாறு மணி நேர வேலை. சன்மானம் பேசும்போது ஒத்திகைக்குத் தனியே உண்டா, எத்தனை ஒத்திகை என்று எண்ணைச் சொல்லிப் பேசுங்கள். ஒத்திகை எண்ணிக்கையைப் பேசாமல் மொத்தத் தொகைக்கு ஒப்புக்கொள்வதே இந்த வழியில் அடிக்கடி நடக்கும் நஷ்டம்.

பணம் வரும் நாளைப் பார்த்தால் நாட்டியம் சபாவை விட நல்லது. குடும்பத்தார் நிகழ்ச்சி முடிந்த அன்றே தந்துவிடுவார்கள். கைக்கும் கெடுதல் இல்லை, சுருதியும் உட்காரும் முறையும் அதேதான். குறை ஒன்று: மனோதர்மத்துக்கு (மேடையிலேயே கற்பனை செய்து வாசிப்பதற்கு) இடம் குறைவு. இரண்டு வருடம் நாட்டியத்துக்கு மட்டும் வாசித்தால் ஆலாபனையும் கல்பனாஸ்வரமும் மங்கத் தொடங்கும்.

வெளிநாடு என்ற கதவைப் பெரும்பாலும் திறப்பது இந்த வழிதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் பள்ளி விடுமுறையான ஜூன் முதல் ஆகஸ்டு வரை அரங்கேற்றக் காலம். டொராண்டோ, லண்டன் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கலைஞர்களை வரவழைக்கின்றன. அமெரிக்காவுக்குக் கச்சேரி வாசிக்கப் போகிறவருக்கு உரிய விசா பி-3. அங்குள்ள அமைப்பு ஒன்றுதான் முன்கூட்டியே மனுச் செய்ய வேண்டும். சுற்றுலா விசாவில் போய்ச் சன்மானம் வாங்கி வாசித்தால் அடுத்த முறை வாயிலிலேயே திருப்பி அனுப்பப்படும் அபாயம் உண்டு. அழைப்பவர் எவ்வளவு நெருங்கியவரானாலும் இதில் இணங்காதீர்கள்.

பயணத்துக்கு முன் வில்லைப் பாருங்கள். பழைய வில்களின் நுனித் தகடு யானைத் தந்தமாக இருக்கும். அமெரிக்கச் சுங்கத்தில் அது பறிமுதல் வரை போகக்கூடும். பிளாஸ்டிக் அல்லது எலும்பு நுனி உள்ள வேறு வில்லையோ கார்பன் ஃபைபர் வில்லையோ எடுத்துச் செல்லுங்கள். முழு அளவு வயலின் பெட்டி 80 சென்டிமீட்டர் வரை நீளும். விமானத்தில் கைப்பைக்குப் பொதுவாக அனுமதிக்கும் நீளம் 55 சென்டிமீட்டர். இசைக்கருவிக்கு அந்த நிறுவனம் தரும் விலக்கை எழுத்தில் வாங்கிக் கையில் வைத்திருங்கள். சரக்கறையில் போட மட்டும் சம்மதிக்க வேண்டாம்.

ஸ்டுடியோ

திரையிசையில் வயலின் வாசிப்பது வேறு கருவி வாசிப்பதற்குச் சமம் என்று எண்ணிக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. சுருதி ஜி, டி, ஏ, இ. நாற்காலியில் அமர்ந்து, தோளுக்கும் தாடைக்கும் நடுவே கருவியைப் பிடிக்க வேண்டும். நம் முறையில் தரையில் அமர்ந்து, வயலினின் சுருள்தலையை வலது கணுக்காலில் ஊன்றுவதால் இடது கை கருவியைத் தாங்கும் வேலையிலிருந்து விடுபட்டு மேலும் கீழும் வழுக்கிச் செல்கிறது; கமகம் (ஸ்வரங்களுக்கிடையே அசைந்து செல்வது) அதனால்தான் வருகிறது. ஸ்டுடியோவில் அந்த வழுக்கல்தான் முதல் குற்றம். ஸ்வரத்தில் நேராக விரல் விழ வேண்டும், அசைவு வைப்ராட்டோவாக (ஒரே ஸ்வரத்தில் விரல் அதிர்வாக) இருக்க வேண்டும். விரலில் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்ளும் பழக்கத்தையும் அங்கே விட்டுவிட வேண்டும். கை மாறி வில்லின் மயிரில் எண்ணெய் பட்டால் ரோசின் பிடிக்காது.

காதில் தாளம் காட்டும் க்ளிக் ஒலிக்க, முன்பின் பாராத நொட்டேஷனை முதல் பார்வையில் வாசிக்க வேண்டும். பத்துப் பேர் வாசிக்கும் செக்ஷனில் எல்லா வில்லும் ஒரே திசையில் போக வேண்டும். ஒருவர் மேல்வில்லில் போனால் மற்ற ஒன்பது பேரோடு அழுத்தம் பொருந்தாது, டேக் வீண். நம் கல்லூரிகளில் ஸ்வரக் குறிப்பு மட்டும் படித்து வந்தவருக்கு இந்தத் தேர்ச்சி வர, தினமும் ஒரு மணி நேரம் என்று இரண்டு வருடம் பிடிக்கும். மேல்நாட்டு இசைத் தேர்வு அமைப்புகளான டிரினிட்டி அல்லது ஏபிஆர்எஸ்எம் தேர்வுகளின் 5, 6-ஆம் கிரேடு பாடங்களை ஆசிரியரிடம் முறையாகப் படிப்பது நேர்வழி. மேல்நாட்டு வாசிப்பிலேயே ஊறிப்போக விரும்புகிறவருக்கு இந்தியாவில் இடம் குறுகியது. 2006-இல் மும்பையில் தொடங்கிய சிம்பனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா போன்ற மிகச் சில அமைப்புகளே உள்ளன.

இரண்டு உலகத்திலும் நின்றவர்கள் இருக்கிறார்கள். இளையராஜாவின் ஒலிப்பதிவுகளில் வாசித்த வி.எஸ். நரசிம்மன், கர்நாடகக் கீர்த்தனைகளை நால்வர் தந்திக் குழுவுக்கு அமைத்து மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் வழியாக வாசித்தார். ஆனால் இது இரட்டைப் பயிற்சியின் பலன். ஒன்றை வைத்து மற்றொன்றைச் சமாளித்துவிடலாம் என்பதற்கு உதாரணம் அல்ல.

பணம் கால்ஷீட் (ஒலிப்பதிவு அமர்வு) கணக்கில் வரும். திரையிசைக் கலைஞர் சங்க உறுப்பினராக இருந்தால் தொகைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அந்த வகையில் ஒரு மணி நேர உழைப்புக்கு மற்ற எல்லா வழிகளையும் விட இது மேல். ஆனால் வேலையின் அளவு சுருங்கிவிட்டது. மாதிரி ஒலிகளைக் கொண்டு கணினியிலேயே தந்தி இசை அமைப்பதும், பெரிய படங்களுக்கு புடாபெஸ்ட், ஸ்கோப்யே போன்ற இடங்களின் குழுக்களைப் பதிவுசெய்வதும் வழக்கமாகிவிட்டன. இன்று எஞ்சியிருப்பது இரண்டு: ராகச் சாயல் கேட்கும் தனி வயலின் துண்டுகள், வீட்டிலிருந்தே பதிவுசெய்து அனுப்பும் அடுக்குகள். இரண்டாவதற்கு ஒரு கண்டென்சர் மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ், எதிரொலி குறைத்த ஓர் அறை, 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட் வேவ் கோப்பாக அனுப்பும் பழக்கம் இவ்வளவும் வேண்டும். ஒரே வயலினை ஒரே இடத்தில் உட்கார்ந்து எட்டு முறை பதிவுசெய்து அடுக்கினால் குழுவின் ஒலி வராது. ஒன்றின்மேல் ஒன்று படிந்து சுழல்வது போல் கேட்கும். ஒவ்வொரு அடுக்குக்கும் உட்காரும் இடத்தை ஓரடி மாற்றுங்கள், பாதியில் வயலினையோ வில்லையோ மாற்றுங்கள்.

வகுப்பு

மாதத்தின் முதல் வாரத்தில் நிச்சயமாகப் பணம் வருவது வகுப்பிலிருந்துதான். அதனால் பலர் இதில் முழுக இறங்கி, முப்பது மாணவர் சேர்ந்ததும் சாதகம் (பயிற்சி) செய்ய நேரமின்றிப் போகிறார்கள். தனி வகுப்பாக வாரம் பத்து மணி நேரம் என்பதை வரம்பாக வைத்துக்கொள்ளுமாறு சொல்வோம். அதற்கு மேல் போனால், காது நாள் முழுவதும் சுருதி சேராத வில்லொலியையே கேட்டு மழுங்குகிறது. இது மிகையான பேச்சில்லை.

மாலையைக் காப்பாற்ற வெளிநாட்டு மாணவர்களே உதவி. அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 8 மணி என்பது குளிர்காலத்தில் நமக்கு மறுநாள் காலை 6.30, கோடையில் 5.30. கடிகாரம் மார்ச்சிலும் நவம்பரிலும் மாறும், வகுப்பு நேரத்தை யாருடைய கடிகாரத்தில் பேசினோம் என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் மாணவரின் மாலை 5 மணி நமக்குப் பிற்பகல் 2.30. லண்டன் மட்டும் இடிக்கும்: அங்கே மாலை 5 என்றால் இங்கே இரவு 10.30 அல்லது 9.30, கச்சேரி முடிந்து வந்து களைத்த கையோடு உட்கார வேண்டும். வார இறுதியில் அவர்களின் காலை நேரத்தைக் கேளுங்கள்.

இணையத்தில் இருவரும் சேர்ந்து வாசிக்க முடியாது. ஒலி தாமதமாகப் போய்ச் சேரும். மாணவர் தம் பக்கம் தம்பூராவை வைத்துக்கொள்ள, நீங்கள் ஒரு வரி வாசித்து அவர் திருப்பி வாசிப்பதுதான் வழி. செயலியின் இரைச்சல் நீக்கும் வசதியை அணைக்காவிட்டால் அது தம்பூராவையும் நீண்ட கார்வையையும் இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடும். பல ஆசிரியர்கள் மாணவரின் வில் விட்டு விட்டு ஒலிப்பதாகத் திருத்திக்கொண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான். கேமரா மாணவரின் வலப்புறம் சற்று முன்னால், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருந்தால் வலது மணிக்கட்டும் வில் பிரிட்ஜுக்கு இணையாகப் போகிறதா என்பதும் தெரியும். தொடக்க மாணவருக்கு முதல் மூன்று மாதமாவது நேர் வகுப்பு வேண்டும். வில் பிடி தவறாக இறுகிவிட்டால் திரை வழியே அதை அவிழ்ப்பது மிகக் கடினம்.

மாதச் சம்பள வேலை

சென்னை, மதுரை, கோவை, திருவையாறு அரசு இசைக் கல்லூரிகள், மாவட்ட இசைப் பள்ளிகள், அண்ணாமலைப் பல்கலைக்கழகம், கலாக்ஷேத்ரா போன்ற இடங்களில் வயலின் ஆசிரியர் பணி உண்டு. இலங்கையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இராமநாதன் பெயரிலான கலைப் பீடமும் மட்டக்களப்பின் சுவாமி விபுலானந்தர் நிறுவகமும் இருக்கின்றன. இடங்கள் குறைவு; அறிவிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் இதை நம்பிக் காத்திருக்காமல், முதுகலையையும் நெட் தேர்வையும் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) முடித்து வைத்துக்கொண்டு மற்ற வேலைகளைத் தொடர்வதே விவேகம்.

வேலைக்குப் போனால் கச்சேரி போய்விடும் என்ற பயம் பெருமளவு தேவையற்றது. டி.என். கிருஷ்ணன் சென்னை இசைக் கல்லூரியில் கற்பித்தார், பிறகு டெல்லிப் பல்கலைக்கழகத்தில் புலத் தலைவராக இருந்தார். 1980-இல் சங்கீத கலாநிதி. அவருடைய தங்கை என். ராஜம் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபடியே இந்துஸ்தானி வயலினின் முதல் வரிசையில் நின்றார். பகல் வேலை மாலையைத் தொடுவதில்லை. இடிப்பது மார்கழியும் வெளிநாட்டுப் பயணமும்தான். ஒப்புக்கொள்ளும் முன் டிசம்பர் விடுப்பு பற்றியும், வெளிநாடு செல்லத் துறை அனுமதி எத்தனை நாள் ஆகும் என்பது பற்றியும் கேட்டுவிடுங்கள்.

தனிக் கச்சேரி

எல்லோரும் ஆசைப்படுவது இது. சுருதியை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். 2 முதல் 4 கட்டைக்குள் கருவி நன்றாகப் பேசும் இடத்தில் வைக்கலாம். ஆலாபனைக்கு அளவு வகுப்பவரும் நீங்களே. ஆனால் சாகித்தியம் கேட்டே பழகிய ரசிகருக்குச் சொல் இல்லாத இசையை இரண்டு மணி நேரம் பிடித்து வைப்பது பெரிய வேலை. அதற்கு முன், பாட்டைச் சொல்லோடு மனத்தில் பாடிக்கொண்டே வில்லை இழுக்கும் பழக்கம் ஊறியிருக்க வேண்டும். அந்தப் பழக்கம் பாடகர் பக்கத்தில் வருடக்கணக்கில் உட்கார்ந்தால் வருகிறது.

துவாரம் வெங்கடசாமி நாயுடு தனி வயலினுக்கு மேடையில் மதிப்பு ஏற்படுத்தினார். லால்குடி ஜெயராமன் பெரும் பாடகர்களான அரியக்குடி, செம்மங்குடி, ஜி.என்.பி., மதுரை மணி ஆகியோருக்கு வாசித்து வளர்ந்து, பிறகு தனிக் கச்சேரியில் தம் பாணியை நிலைநாட்டினார்; 1966-இல் புல்லாங்குழல், வீணையோடு வயலினைச் சேர்த்தார், தில்லானாக்கள் இயற்றினார். குன்னக்குடி வைத்தியநாதனும் பெரிய வித்வான்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்தபின் 1976-இல் அதை நிறுத்திக்கொண்டு தனி வழி போனார். பக்கவாத்தியத்தை முதல் படியாகக் கொள்ளாமல் சிறுவயதிலிருந்தே இரட்டை வயலினாக வளர்ந்த கணேஷ்-குமரேஷ் போன்றவர்கள் விதிவிலக்கு. வீட்டுக்குள்ளேயே ஒரே பாடாந்தரத்தில் இரண்டு கைகள் இருந்தால்தான் அது ஆகும்.

கணக்கிலும் ஒரு சிக்கல். தனிக் கச்சேரியில் மிருதங்கத்துக்கும் கடத்துக்கும் சன்மானம் தர வேண்டியவர் நீங்கள். வாத்தியக் கச்சேரிக்குச் சபாக்கள் ஒதுக்கும் ஸ்லாட் குறைவு. முப்பது வயதுக்குள் வருடத்துக்கு மூன்று, நான்கு தனிக் கச்சேரி போதும்; கையை விரிவாக வைத்திருக்க அது உதவும், வருமானத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

சேர்க்கை

எங்கள் தேர்வு இப்படி: இருபத்தைந்து வயதுக்காரர் வாரத்தில் நான்கு மாலைகளைப் பக்கவாத்தியத்துக்கு விட்டுவைக்கட்டும். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் தொகையை விடிகாலை, பிற்பகல் வகுப்புகளால் ஈட்டட்டும், பத்து மணி நேர வரம்போடு. ஆனி, ஆடியில் சபாக் கச்சேரி குறையும் நேரம் நாட்டியத்துக்கு. ஸ்டுடியோவை இருபது வயதுக்குள் நொட்டேஷன் படித்தவர் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்; முப்பதில் புதிதாகத் தொடங்குவது செலவிடும் நேரத்துக்கு ஈடாகாது. கையில் குடும்பப் பொறுப்பு உள்ளவர், வெளியூரில் வாழ்பவர் ஆகியோருக்குக் கல்லூரி வேலையை முதலிலும் பக்கவாத்தியத்தை அடுத்ததிலும் வைப்பதே சரி. அப்படி மாற்றிவைப்பதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

சிதறி வரும் வருமானத்துக்கு ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். அமைப்புகள் சன்மானத்தில் 10 சதவீதம் வரி பிடித்துவிட்டுத் தருவது உண்டு; வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யாதவர்கள் அந்தப் பணத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். சாஸ்திரிய இசை நிகழ்ச்சிக்கு 1.5 லட்சம் ரூபாய் வரையிலான சன்மானத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. வகுப்புக் கட்டணம் இந்த விலக்கில் வராது.

இடது மணிக்கட்டிலோ வலது தோளிலோ வலி தொடங்கி ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால், மருத்துவரைப் பார்ப்பதோடு வேலைகளையும் குறைக்க வேண்டியிருக்கும். அப்போது முதலில் நிறுத்த வேண்டியது ஸ்டுடியோ. இரண்டு பிடிகளுக்கும் மாறி மாறிப் போவது தசைக்குச் சுமை. அடுத்தது நாட்டிய ஒத்திகைகள், மூன்று மணி நேரம் ஒரே கால்மடிப்பில் அமர வேண்டியிருப்பதால். வகுப்பை வாயால் பாடிச் சொல்லிக்கொடுத்துத் தொடரலாம். ஒப்புக்கொண்ட பக்கவாத்தியத் தேதிகளில் வலியோடு போய் உட்காராதீர்கள். பாடகரிடம் நான்கு நாள் முன்னதாகச் சொல்லி, உங்கள் இடத்துக்கு அவருடைய சுருதிக்குத் தயாரான இன்னொருவரின் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள்.